டோவாப்ளானும் ஐரெமும்: அதிகம் பேசப்படாத இரண்டு ஆட்டங்கள்

டோவாப்ளானும் ஐரெமும் சுடும் வீடியோ ஆட்டங்களுக்குப் பெயர்பெற்ற ஜப்பானிய நிறுவனங்கள். டோவாப்ளான் என்றதும் 'டாட்சுஜின்', ஐரெம் என்றதும் 'ஆர்-டைப்' நினைவுக்கு வரும். என் மனம் நிற்பதோ டோவாப்ளானின் 'அவுட் சோன்' (1990), ஐரெமின் 'இன் தி ஹண்ட்' (1993) இரண்டிலும்தான்.

அவுட் சோனில் திரை தானாக நகராது; நாம் நடந்தால்தான் மேலே போகும். ஆனாலும் நின்று நிதானிக்க முடியாது. ஆற்றல் அளவு குறைந்துகொண்டே வரும், தீர்ந்தால் உயிர் போச்சு. அதை நிரப்பும் 'இ' பெட்டிகளை விடாமல் எடுக்க வேண்டும். புதியவர்கள் தவறுவது 'சி' பெட்டியில்: அது துப்பாக்கியையே மாற்றிவிடும். ஒன்று நாம் திரும்பும் திசையில் சுடும். மற்றது அகலமாக, மேல்நோக்கி மட்டும். பக்கவாட்டு எதிரிகள் நிறைந்த இடத்தில் இரண்டாவதோடு மாட்டிக்கொண்டால் தப்புவது கடினம். நெட்டுத்திரை ஆட்டம் என்பதால் மானிட்டரைத் திருப்பி வைத்து ஆடுங்கள்.

இன் தி ஹண்ட் நீர்மூழ்கிக் கப்பல் ஆட்டம். முதல் பொத்தான் முன்னே டார்பிடோ விடும். இரண்டாவது, மேலும் கீழும் ஒரே நேரத்தில் தாக்கும். இரண்டையும் சேர்த்தே அழுத்திப் பழகுங்கள். ஒரு கட்டடம் சரிந்தால் துண்டு துண்டாக உதிர்வதைப் பாருங்கள், ஒவ்வொரு புள்ளியும் கையால் வரைந்தது. இந்த ஆட்டத்தைச் செய்த குழுவினர் சிலர்தான் பிறகு நாஸ்கா என்ற நிறுவனத்தில் 'மெட்டல் ஸ்லக்' (1996) ஆட்டத்தைச் செய்தார்கள். அந்தக் கைவண்ணம் இங்கேயே தெரிகிறது.

ஆட்ட நுணுக்கத்துக்கு டோவாப்ளான், ஓவியத்துக்கு ஐரெம். முதலில் ஆட அவுட் சோனையே சொல்வேன்.