ஒரு மணி நேரம் லாபமாம்

நவம்பர் முதல் ஞாயிறு. கோடைகால நேரம் முடிந்து கடிகாரத்தைப் பின்னே திருப்பும் நாள். அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 1 ஆகிவிடும், கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கலாம் என்று கனடாவின் ரொறன்ரோ நகர் முழுவதும் மகிழ்ச்சி. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கணக்குச் செல்லாது. சின்னவன் வழக்கம்போல ஆறரைக்கே எழுந்துவிட்டான்; கடிகாரத்தில் ஐந்தரை. ஹாலோவீன் மிட்டாய்ப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தவனுக்குத் தூக்கம் எங்கே வரும்?

பிறகு முற்றத்து மேப்பிள் இலைகளைக் கூட்டிக் காகிதப் பைகளில் திணித்தோம். ஐந்து பை. ஆறாவதில் மகள் இறங்கி நின்றாள், மிதித்து அமுக்குகிறாளாம். கிழிந்தது.

மாலை ஐந்தரைக்கே இருட்டு. அதற்குள் அம்மம்மா யாழ்ப்பாணத்துக்கு அழைத்து, இனிப் பத்தரை மணி நேர வித்தியாசம் என்று சொந்தங்கள் அனைவருக்கும் அறிவித்துவிட்டார். அங்கே அப்போது விடியற்காலை நான்கு மணி.