1.2 என்று காட்டப்பட்ட 1.1: பழைய ஐ10 வாங்கப் போய் நான் பட்ட பாடு

திண்டுக்கல்லிலிருந்து மாதம் இருமுறையாவது குடும்பத்துடன் கொடைக்கானல் ஏற வேண்டியிருப்பதால், பழைய ஹூண்டாய் ஐ10 வாங்குவதென்று முடிவானபோது, அது ஹூண்டாயின் 'கப்பா' எனப்படும் 1.2 லிட்டர் எஞ்சின் வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். ஐ10-இன் ஒரே மேக்னா வகை, 1086 சி.சி. (1.1 லிட்டர்) எஞ்சினுடனும் வந்தது, 1197 சி.சி. (1.2 லிட்டர்) எஞ்சினுடனும் வந்தது. முன்னதன் திறன் 70 குதிரைத்திறனுக்கும் குறைவு; பின்னதன் திறன் 80. ஏசி ஓட, ஐந்து பேருடன் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஏறும்போது அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

பக்கத்து மாவட்டத்தில் ஒரு தரகரிடம் 2012ஆம் ஆண்டு வண்டி ஒன்று இருந்தது. பின்கதவில் '1.2' என்ற ஒட்டி (ஸ்டிக்கர்) பளிச்சென்று இருந்தது, விலையும் 1.2-க்கான விலைதான். அசல் ஆர்.சி. (வாகனப் பதிவுச் சான்று) உரிமையாளரிடம் வெளியூரில் இருக்கிறது என்று சொல்லி ஒரு நகலைக் காட்டினார். அதில் சி.சி. இருக்க வேண்டிய வரி கறுத்துப் போயிருந்தது. வாகன விவரம் பார்க்கும் அரசின் எம்பரிவாகன் செயலியில் தேடியபோது எஞ்சின் எண்ணின் பெரும்பகுதி மறைக்கப்பட்டே வந்தது. ஆனால் காப்பீட்டுப் பத்திரத்தில் 1197 என்று அச்சாகியிருந்தது. அதை நம்பி 10,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். நல்லவேளையாக, பணம் அனுப்பும் முன், "1.2 எஞ்சின் என்ற உறுதியின் பேரில்தான் இந்த முன்பணம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தேன், "ஆமாம் சார்" என்று அவரும் பதில் அனுப்பியிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எனக்குப் பழக்கமான மெக்கானிக்கை ஒரு நாள் கூலி பேசி அழைத்துப் போனேன். பானட்டைத் திறந்த கையோடு எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் காட்டி, "சார், இது பெல்ட் வண்டி" என்றார். எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைப்பதற்குக் கப்பா எஞ்சினில் டைமிங் செயின் என்ற சங்கிலிதான் உண்டு. டைமிங் பெல்ட் இருந்தால் அது பழைய 1.1 எஞ்சின். பிறகு மண்ணெண்ணெய் தொட்ட துணியால் சிலிண்டர் பிளாக்கைத் துடைத்து, டார்ச் அடித்து, கைப்பேசியை உள்ளே நீட்டிப் படம் எடுத்தோம். அதில் பொறித்திருந்த எஞ்சின் எண் 'ஜி4ஹெச்ஜி' என்று தொடங்கியது. 1.2 என்றால் 'ஜி4எல்ஏ' என்று தொடங்கியிருக்க வேண்டும். அழுக்கு படிந்த பிளாக்கில் அந்த எழுத்துகளைப் படிக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தை முதல் நாளே செலவிட்டிருந்தால் எனக்கு இத்தனை அலைச்சல் இருந்திருக்காது.

தரகர் அசரவில்லை. "எஞ்சினைப் போரிங் செய்து, அதாவது சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள், இப்போது அது 1.2 தான்" என்றார். இந்தப் பேச்சைப் பலரும் நம்பிவிடுவார்கள் என்பதால் கணக்கை இங்கேயே எழுதுகிறேன். 1.1 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 67 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 77 மி.மீ., சிலிண்டர்கள் நான்கு. சிலிண்டரின் வட்டப் பரப்பை அந்தத் தூரத்தாலும் நான்காலும் பெருக்கினால் 1086 சி.சி. தேய்ந்த எஞ்சினைப் போரிங் செய்யும்போது வழக்கமாகப் போடுவது 0.25 அல்லது 0.50 மி.மீ. கூடுதல் அளவுள்ள பிஸ்டன். 0.50 போட்டாலும் 1102 சி.சி. தான் வரும். அதே 77 மி.மீ. தூரத்துடன் 1197-ஐ எட்ட விட்டம் 70.3 மி.மீ.க்கு மேல் போக வேண்டும். தெருமுனை லேத்தில் சுவரை அவ்வளவு குடைந்த பிளாக்கை நம்பி மலை ஏற எனக்குத் துணிவு கிடையாது. உண்மையான கப்பாவின் அளவுகளே வேறு: விட்டம் 71, தூரம் 75.6 மி.மீ. அதோடு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. அவர் சொன்னது உண்மையாகவே இருந்தாலும் அந்த வண்டி எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நகலில் இருந்த முகவரியைக் கொண்டு உரிமையாளரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். எஞ்சினில் ஒருபோதும் கை வைத்ததில்லை என்று சொல்லி, அசல் ஆர்.சி.யின் படத்தை உடனே அனுப்பினார்: 1086. தான் யாரிடமும் 1.2 என்று சொன்னதேயில்லை என்றார். காப்பீட்டுப் பத்திரத்தில் எப்படி 1197 வந்தது என்று கேட்டபோது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் புதுப்பித்துக் கொடுத்தவர் கணினியில் வேறு வகையைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்பது தெரிந்தது. 1000 முதல் 1500 சி.சி. வரை மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் ஒன்றே என்பதால் தொகையில் வேறுபாடு வராமல் பிழை யார் கண்ணிலும் படவில்லை. ஆகவே காப்பீட்டுப் பத்திரத்தில் உள்ள சி.சி.யை ஒருபோதும் சான்றாகக் கொள்ளாதீர்கள். அசல் ஆர்.சி.யும் பிளாக்கில் பொறித்த எண்ணும் ஒன்றோடொன்று பொருந்தும் வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

முன்பணம் திரும்பாது என்று தரகர் பிடிவாதமாக இருந்தார். இன்னும் இரண்டு முறை பேருந்து ஏறிப் போய், வாட்ஸ்அப் பதிலையும் ஆர்.சி. படத்தையும் அவர் முன் வைத்த பிறகு, ஒன்பதாம் நாள் முழுத் தொகையும் கணக்குக்கு வந்தது. அந்த இரண்டு வரிச் செய்தி மட்டும் இல்லாதிருந்தால் அந்தப் பணத்தை நான் மறந்திருக்க வேண்டியதுதான்.

பிறகு மதுரையில் ஒரு குடும்பத்தாரிடம் நேரடியாக வாங்கினேன். ஆர்.சி.யில் 1197, பிளாக்கில் ஜி4எல்ஏ. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 எல்லாம் சிக்கலின்றி முடிந்தன.

அந்த முதல் வண்டி இன்னும் விற்பனைக்கு நிற்கிறது. ஒட்டியைக் கிழித்துவிடுங்கள் என்று தரகரிடம் இருமுறை சொன்னேன். சென்ற வாரம் அவ்வழியே போனபோதும் அது பின்கதவிலேயே இருந்தது.