நான்கு பக்கச் சண்டை

பழைய திரைக்கதை ஒன்றைத் தூசி தட்டிப் படித்தேன். சண்டைக் காட்சி மட்டும் நான்கு பக்கம்: இடது கையால் குத்து, வலது காலால் உதை, மறுபடி குத்து. எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது திரைக்கதைக் கணக்கு; நான்கு நிமிடக் குத்தை யார் தாங்குவார்கள்?

'ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' (1981) படத்தில் வாள்வீரனோடு நீண்ட சண்டைதான் முதலில் திட்டம். துனிசியப் படப்பிடிப்பில் நாயகனாக நடித்த ஹாரிசன் ஃபோர்டுக்கு வயிற்றுக் கோளாறு; சண்டையைச் சுருக்கிவிட்டார்கள். வாளைச் சுழற்றிக் காட்டுபவனை அலுப்போடு பார்க்கிறார், துப்பாக்கியை எடுத்து ஒரே குண்டு. அந்த அலுப்பில் நாயகன் எப்படிப்பட்ட ஆள் என்று முழுதாகத் தெரிந்துவிடுகிறது!

என்னுடையதை ஐந்து வரியாக்கிவிட்டேன். முதல் அடிக்கு முன் நாயகன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைக்கிறான். கடைசியில் எடுத்து மாட்டும்போது ஒரு பக்கம் விரிசல். நடுவில் நடப்பது சண்டைப் பயிற்சியாளர் பாடு.