பற்றிப் பற்றி அணைந்த ஃபர்னஸ்: இக்னைட்டருக்குக் காசு கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

வீட்டைச் சூடாக்கும் எங்கள் ஃபர்னஸில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த இக்னைட்டரை, அதாவது காஸைப் பற்றவைக்கும் பாகத்தை, கழற்றி, புதியதைப் பூட்டி, காசையும் வாங்கிக்கொண்டு போனார் முதலில் வந்த டெக்னீசியன். அன்றிரவே வீடு மறுபடி குளிர்ந்துவிட்டது. டொரொண்டோவின் ஸ்காபுறோவில், ஜனவரிக் குளிரில், வயதான அம்மாவை வைத்துக்கொண்டு! ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் காஸ் ஃபர்னஸில் நடந்தது இதுதான். புகையை வெளியே தள்ளும் சின்ன மோட்டர் சுற்றும், இக்னைட்டர் பழுக்கக் காயும், காஸ் திறந்து பர்னர்கள் வரிசையாகப் பற்றும். சில செக்கனில் எல்லாம் அணைந்துவிடும். சில தடவை இப்படி முயன்றுவிட்டு எல்லாவற்றையும் இயக்கும் மின்பலகை, அதாவது போர்ட், லொக் ஆகி முயற்சியை நிறுத்திவிடும். இதை போனிலேயே அவரிடம் விவரமாகச் சொல்லியிருந்தேன். வந்தவர் ஒரு தடவைகூட ஓடவிட்டுப் பார்க்கவில்லை. திரும்பக் கூப்பிட்டபோது, புது ஃபர்னஸ் போடுங்கள், மாதாமாதம் கட்டலாம் என்று அலுவலகத்தில் பேரம் தொடங்கிவிட்டார்கள்.

அப்புறம் தெரிந்தவர் மூலம் காஸ் வேலைக்கான ஜி2 உரிமம் உள்ள ஒரு தம்பி வந்தார். மூடியைத் திறந்து, ஒரு சுற்று முழுதாகப் பார்த்தார். "அண்ணை, பத்திட்டு அணையுதெண்டால் இக்னைட்டர் தன்ர வேலையைச் செய்திட்டுது. நெருப்பு இருக்கெண்டு போர்டுக்குத் தெரியேல்லை" என்றார். பர்னருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய கம்பி, அதுதான் ஃபிளேம் சென்சர், ஒரே ஒரு திருகாணியில் கழன்று வந்தது. அதன் மேல் வெள்ளையாக ஒரு படலம். நெருப்பின் வழியாக அந்தக் கம்பியில் மிகச் சிறிய மின்சாரம் ஓட வேண்டும். ஓடாவிட்டால் எரியாத காஸ் வீட்டுக்குள் சேராமலிருக்க போர்ட் வால்வை மூடிவிடும். தேய்ப்பதற்கு முன் அந்த மின்சாரம் மீட்டரில் 0.3 மைக்ரோஅம்ப். மெல்லிய ஸ்டீல் வூலால் தேய்த்துப் பூட்டிய பிறகு 3-க்கு மேல். ஃபர்னஸ் அணையாமல் எரிந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அம்மா பேஸ்மண்ட் படிவரை வந்துவிட்டார்.

ஆளைக் கூப்பிடும் முன் மூடியில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். போர்டில் எல்இடி எத்தனை தடவை மின்னுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கான அட்டவணை பெரும்பாலும் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும். குறிக்கும் முன் பவரை நிறுத்தாதீர்கள், சில போர்டுகளில் கோட் அழிந்துவிடும். மோட்டர் சுற்றியும் இக்னைட்டர் பழுக்கவே இல்லை என்றால் கதை வேறு. முதலில் வெளியே போய் ஃபர்னஸின் காற்றும் புகையும் போய்வரும் பிவிசி குழாய் வாயில் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு ஃபர்னஸிலிருந்து தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறதா என்று. இரண்டும் சரியென்றால்தான் பிரஷர் சுவிட்ச் (புகை போகும் வழி சரியா என்று காற்றழுத்தத்தை வைத்துப் பார்க்கும் சுவிட்ச்), இக்னைட்டர் பக்கம் போக வேண்டும். இக்னைட்டரின் பழுக்கும் பகுதியில் விரல் படக் கூடாது, எளிதில் உடைவது. சென்சருக்கு முரட்டு உப்புத்தாள் வேண்டாம். காஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து காஸ் நிறுவனத்தையோ அவசர சேவையையோ கூப்பிடுங்கள். காஸ் வேலைக்கு வருபவரிடம் டிஎஸ்எஸ்ஏ (ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) உரிமத்தைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

இன்னொன்று: மாற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். நான் வாங்கி வைத்திருந்தேன். அந்தத் தம்பி மீட்டரை வைத்தபோது 50 ஓம் காட்டியது. எங்கள் வகை இக்னைட்டருக்கு அது நல்ல அளவு. அதைப் படமெடுத்து முதல் நிறுவனத்துக்கு அனுப்பினேன். பாகத்தின் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். வந்துபோன கூலியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.