வாய்பாட்டில் மனப்பாடம் பத்தே பத்துதான்

ஏழாம் வாய்பாட்டைப் பாட்டாகப் பாடும் பிள்ளையிடம் 7×8 எவ்வளவு என்று திடீரெனக் கேளுங்கள். 7×1 இலிருந்து பாடிக்கொண்டே வரும். புலமைப்பரிசில் வினாத்தாளில் அதற்கு நேரம் போதாது.

10×10 வரை நூறு பெருக்கங்கள். நாற்று வளர்க்கும் தவறணையில் கன்றுப்பைகளை 6 வரிசையாக, வரிசைக்கு 7 என்று அடுக்கியிருப்பதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் 7 வரிசை, வரிசைக்கு 6. அப்படித் திருப்பிப் போட்டாலே நூறு 55 ஆகிவிடும். 1, 2, 5, 10 எல்லாப் பிள்ளைக்கும் வரும். மிச்சம் 21.

ஒன்பதுக்கு விரல் போதும். உள்ளங்கைகள் தன் முகத்தைப் பார்க்க, 9×4க்கு இடது பெருவிரலிலிருந்து எண்ணி நான்காவது விரலை மடக்கினால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் 6: 36. சொல்லிக்கொடுப்பவர் எதிரே உட்கார்ந்தால் அவருக்கு அது 63 ஆகத் தெரியும், பிள்ளையும் குழம்பும். பக்கத்தில் உட்காருங்கள். மடக்கிய விரலையும் சேர்த்து எண்ணுவது அடுத்த பிழை.

நான்கு என்றால் இரட்டிப்பின் இரட்டிப்பு: 7, 14, 28. இனி 3, 6, 7, 8 தங்களுக்குள் பெருகும் பத்து மட்டுமே பாக்கி.

ஆறுக்கு, ஐந்து மடங்கோடு இன்னொரு தடவை கூட்டலாம். 6×7 என்றால் 35உம் 7உம் 42. பிள்ளைகள் இங்கேதான் 6ஐக் கூட்டி 41 என்று எழுதுவார்கள். “ஆறு ஏழுகள்” என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தால் எதைக் கூட்டுவது என்பது தெளியும்.

7×8க்கு 5, 6, 7, 8 என்ற வரிசையே போதும்: 56 = 7×8. பத்தையும் கொப்பி மட்டையில் எழுதி, தினமும் மூன்றை மட்டும், வரிசை மாற்றிக் கேளுங்கள்.