பாய்லருக்கு டைமர் போட்டாச்சு

ஒருவழியா வீட்டு சென்ட்ரல் ஹீட்டிங்குக்கு, அதாவது பாய்லர்ல தண்ணியைச் சூடாக்கி ரேடியேட்டர் வழியா அறைகளைச் சூடாக்குற அமைப்புக்கு, டைமர் போட்டாச்சு. இனி விடியக்காலையில போர்வையைச் சுத்திக்கிட்டு ஸ்விட்சைத் தேடிப் போக வேண்டாம்.

வேலை சின்னதுதான். அறைச் சூட்டைப் பார்த்து பாய்லரை ஆன், ஆஃப் பண்ற தெர்மோஸ்டாட்டோட ஒயர்ல டைமரைத் தொடரா இணைக்கணும். ரெண்டும் சரின்னு சொன்னாத்தான் பாய்லர் எரியும். நான் பாய்லருக்கு வர்ற மெயின் கரண்ட்டையே டைமர்ல வெட்டலாம்னு பார்த்தேன். எலக்ட்ரீஷியன் கையைப் பிடிக்காத குறை! தீ அணைஞ்ச பிறகும் பம்ப் கொஞ்ச நேரம் ஓடி உள்ளே இருக்கிற சூட்டைக் கடத்தணுமாம்.

வாங்கினது பழைய மாடல் டயல். சுத்திவர 96 பல், பல்லுக்கு 15 நிமிஷம். ரேடியேட்டர் சூடேற நேரம் வேணுமேன்னு, எழுந்திருக்கிறதுக்கு ரெண்டு பல் முன்னாடியே வச்சேன். எல்லாம் சரி. நேத்து ராத்திரி 40 நிமிஷம் கரண்ட் போச்சு, டயலும் அப்படியே நின்னுடுச்சு. இன்னிக்கும் நடுங்கிக்கிட்டேதான் எழுந்தேன்.