நடு சேஃப்டியின் இடுப்பு

இன்று பார்த்த ஒரு அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் ரீப்ளே. பாஸைப் பிடிக்கும் நான்கு ரிசீவர்கள் நேராக ஆழத்துக்கு ஓடுகிறார்கள். ஆழத்தை மூவர் பிரித்துக் காக்கும் கவர் 3 என்ற தடுப்பு முறையில் நடுவே தனியாக நிற்கும் கடைசிக் காவலரான ஃப்ரீ சேஃப்டி இடப்பக்கம் இடுப்பைத் திருப்பினார். பந்து வலப்பக்கம் போனது. டச்டவுன்.

வர்ணனையாளர் திட்டியது சேஃப்டியை. பாவம் அந்த ஆள்!

ஆழத்தில் காவல் மூவர், ஓடுவது நால்வர். இரு ஓரங்களைக் காக்கும் கார்னர்கள் ஓரத்து ரிசீவர்களோடு போய்விட, உட்பக்கம் நிற்கும் இரண்டு ஸ்லாட் ரிசீவர்களும் சேஃப்டி ஒருவர் தலையில்.

காலேஜில் இது இன்னும் கொடுமை. மைதான அகலம் 160 அடி; ஆட்டம் தொடங்கப் பந்தை வைக்கும் எல்லையைக் காட்டும் இரு ஹாஷ் கோடுகளுக்கும் நடுவே 40 அடி. தொழில்முறை லீகான என்எஃப்எல்-இல் பதினெட்டரைதான். பந்து ஒரு ஹாஷில் இருந்தால் அகன்ற பக்கம் 100 அடி திறந்து கிடக்கும். ரிசீவர்களை அகலமாகப் பரப்பி ஆடும் ஸ்ப்ரெட் அணிகள் மூன்று ரிசீவர்களை அங்கேதான் நிறுத்தப் பார்க்கும்.

இடத்தைக் காக்காமல் ரிசீவரின் ஓட்டத்தைக் காப்பதுதான் வழி. பயிற்சியாளர் நிக் சேபன் 1990களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற என்எஃப்எல் அணியில் தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசிக்கோடு இருந்தபோது உருவான 'ரிப்/லிஸ்' முறை அப்படித்தான். உள்ளிருந்து ஓடும் ஸ்லாட் நேராகப் போனால், ஆழத்துக்கு முன்னால் ஓரப்பக்க இடத்தைக் காக்கும் கர்ல்-ஃப்ளாட் காவலர் அவரோடு ஆழம் வரை ஓட வேண்டும். சட்டென்று வெளியே வெட்டினால் மட்டும் பழையபடி தன் இடத்தைக் காக்கும் ஸோன் வேலை.

இதைக் கெடுப்பது ரன் ஃபேக், அதாவது பந்தோடு ஓடப்போவதாகக் காட்டிவிட்டு பாஸ் எறியும் ஏமாற்று. அந்தக் காவலராக நிற்கும், முன்வரிசைக்குப் பின்னாலுள்ள கனமான லைன்பேக்கர் அதை நம்பி இரண்டு எட்டு முன்னே வைத்தால் போதும், ஸ்லாட் அவரைத் தாண்டியிருப்பார். அதனால்தான் அந்த இடத்தில் இப்போது ஐந்தாவது டிஃபென்சிவ் பேக்கை, அதாவது கார்னர், சேஃப்டி போல பாஸைத் தடுக்கும் ஆட்டக்காரரை நிறுத்துகிறார்கள். வேகம் கிடைக்கும்; ரன்னைத் தடுக்கும் எடை போய்விடும்.